கூட வந்தவன்

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "பாவம் அந்தம்மா. இந்த வயசுல காலை நீட்டி உக்கார முடியுதா? அந்தப் பையனைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறாங்க."

பையன் என்று அவர்கள் சொன்னது நாற்பதைத் தாண்டி, மீசையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய ஒரு ஆளை. பிறந்தபோது அழ மறந்த குழந்தை அவன். அழ வைப்பதற்குள் உடம்பின் ஒரு பக்கம் கோணிப் போய்விட்டது. இடது கால் இழுக்கும். இடது கை மணிக்கட்டில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நாக்கும் கனத்தது. ஒரு வார்த்தை தொண்டையிலிருந்து கிளம்பி உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் எதிரே நிற்பவருக்குப் பொறுமை போய்விடும். மீதி வாக்கியத்தை அவரே சொல்லி முடித்து, அதற்குப் பதிலையும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். கடையில் போய் நின்று உருளைக்கிழங்கு கேட்க வாயெடுத்தால், முதல் எழுத்திலேயே "உப்பா? உப்புதானே?" என்று உப்பைக் கட்டிக் கையில் திணித்துவிடுவார்கள். அந்த வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உப்புக்கு வந்ததில்லை.

அவன் பேசியதை இந்தக் கதையில் கோவையாகச் சேர்த்து எழுதியிருக்கிறது. படிக்கிறவர்கள்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரத்தை விட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை சலவைக்கூடத்தில். பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். சோப்புக் காரமும் நீராவியும் சேர்ந்து, உள்ளே நுழைந்தாலே கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் மறைந்துவிடும். துவைத்த விரிப்பு சூடான உருளைக்குள் நுழைந்து அப்பளமாக வெளியே வரும்போது இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாங்க வேண்டும். இழு, உதறு, நட, முனையோடு முனை சேர், மடி. அவன் மடங்கிய மணிக்கட்டையே ஒரு கொக்கியாக்கி ஒரு முனையை அதில் மாட்டிக்கொள்வான். நல்ல கை மறு முனையை இழுத்துப் பிடிக்கும். எதிரே நிற்பவள் பெரியக்கா. ஆளும் பெரியவள், குரலும் பெரியது. அங்கே எல்லோரும் அவனை நிதானம் என்று கூப்பிட்டார்கள். முதலில் கேலிக்கு வைத்த பேர்தான். மடிப்பு கலையாமல் திரும்பிப்போன விரிப்புகளைப் பார்த்துப் பார்த்து, கேலி எப்போது உதிர்ந்ததென்று யாருக்கும் தெரியாது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

தெருவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று அந்த வீட்டுக்குள் இருந்தது. அம்மாவுக்குக் கண் தெரியாது.

முழு இருட்டு இல்லை. பார்வைக்கு நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து போய்க் கண் டாக்டரைப் பார்த்தார்கள். போனது போனதுதான் என்றார் அவர். அதிலிருந்து சோறு வடிப்பது, துணி அலசுவது, அம்மாவுக்கு நகம் வெட்டுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவன் கையில். ஒரு கையில் என்று சொன்னாலும் தப்பில்லை.

யாராவது வந்துவிட்டால் நாடகம் தொடங்கும். அவன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சுவரில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் எதிர்வீட்டுக்காரி, இரண்டு என்றால் கடைக்காரர். அம்மா கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் அடுப்படியிலிருந்து வருகிறவள் போல வாசலுக்கு வருவாள். யாராக இருந்தாலும் முதல் வார்த்தை ஒன்றுதான். "என்ன இது, இப்படி இளைச்சுப் போயிட்டே?" அதைக் கேட்டு முகம் மலராதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. மலர்ந்த பிறகு யார் அம்மாவின் கண்ணைப் பார்க்கப் போகிறார்கள்?

இவ்வளவு வேஷமும் ஒருவனுக்கு மறைக்கத்தான். வேறொரு ஊரில் இருந்த மூத்த மகன். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். வாரம் தவறாமல் போன் செய்வான். செய்தால் கடைசியில் ஒன்றைச் சொல்லாமல் வைக்க மாட்டான். "உன்னால முடியலேன்னா சொல்லிடும்மா. அவனுக்கு ஒரு நல்ல இடமாப் பார்த்துடலாம். நீ என்கூட வந்துடு."

அந்த 'நல்ல இடம்' என்ற வார்த்தை வந்ததும் அம்மா, "எனக்கென்னடா, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்" என்று போனை வைத்துவிடுவாள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. அவன் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். பின்கட்டுப் படியில் பாசி. அம்மா தினமும் கை வைத்து இறங்குகிற சுவர் அன்று ஈரத்தில் வழுக்கியது. ஒரு சத்தம், பிறகு ஒரு முனகல். அவன் ஓடவில்லை. ஓடினால் அவனும் விழுவான், இரண்டு பேர் ஆகிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். தூக்கப் பார்க்கவில்லை. கால் கோணிக் கிடந்த விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. போர்வையை எடுத்து மூடினான். குடையை விரித்து அவள் முகத்துக்கு மேலே சாத்தினான். அவசர வண்டிக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க."

"அம்மா... விழுந்து..."

"என்ன? யார் பேசறது? சரியாப் பேசுங்க."

"அம்மா... கீழே..."

"காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டியா? இது விளையாடற நம்பரா?" வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை அவன் போனை அம்மாவின் வாய்க்கு நேரே பிடித்தான். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் குரலும் வந்தது.

"யாருடா அவன், என் மகனைக் குடிகாரன்னு சொன்னது? இடுப்பு ஒடைஞ்சு மழையில கிடக்கேன். வண்டியை அனுப்பிட்டு அப்புறம் யாரு குடிச்சிருக்காங்கன்னு விசாரி!"

வண்டி வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவைத் தள்ளுவண்டியில் கிடத்திக்கொண்டு ஓடினார்கள். அவன் பையோடு இறங்கி இரண்டு எட்டு வைப்பதற்குள், ஒரு ஊழியர் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து அவன் முழங்காலில் இடித்து உட்கார வைத்துவிட்டார். "பயப்படாதே, பயப்படாதே, எல்லாம் சரியாயிடும்." அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனதோடு அம்மா போன திசைக்கு நேர் எதிர்த் திசையில் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு நர்ஸ். "என்ன பண்ணுது? கூட யாரும் வரலையா?"

"நான்தான்... கூட வந்தவன்."

அவள் குனிந்து, காது கேளாதவனிடம் கத்துவதுபோலக் கத்தினாள். "கூட! யாரு! வந்தாங்கன்னு! கேட்டேன்!"

"நான்தான்."

"பாவம், தன்னையே சொல்லுது," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, அவன் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள். அந்த நேரத்தில் அது சரியாக இருந்ததுதான் அதிசயம். அவன் பட்டையை மெல்ல அவிழ்த்து அவள் மேசைமேல் வைத்தான். நாற்காலியிலிருந்து எழுந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே காலை இழுத்துக்கொண்டு நடந்தான். நாற்காலிக்கு உரியவன் எழுந்து போவதை அங்கே காத்திருந்த வரிசையே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

வார்டு வாசலில் காவல்காரர் மறித்தார். "துணைக்கு நல்லா இருக்கற ஆளா வரச் சொல்லுப்பா. உன்னைப் பார்த்துக்கவே ஒரு ஆள் வேணும் போலிருக்கே."

அவன் பதில் சொல்ல ஆரம்பித்தான். சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பணிப்பெண் ஓடி வந்தாள். "இந்தாளா மகன்? அந்தம்மா கத்தற கத்துல வார்டே ரெண்டாகுது. விடுங்கய்யா உள்ளே."

அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அதை அவனிடம் சொல்லவில்லை, "பொறுப்பான ஆள் யார் இருக்காங்க?" என்று கேட்டு அண்ணன் எண்ணை வாங்கிப் போனில் சொன்னார். பக்கத்தில் நின்ற அவன் ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு, தன் அம்மாவுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டான்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். அண்ணன் அம்மாவைப் பார்த்து அழுதான், தம்பியைத் தோளோடு அணைத்துக்கொண்டான், டாக்டரைப் பார்த்தான், நடைவழிக்கு வந்து தன் முடிவைச் சொன்னான். எல்லாம் ஒரே மூச்சில்.

"இனிமே இதெல்லாம் சரிப்படாது. அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். உனக்கு ஒரு இல்லம் பார்த்து வெச்சிருக்கேன். சும்மா இல்லை, நேர்ல போய்ப் பார்த்தேன். தோட்டம் இருக்கு, டிவி இருக்கு, வேளாவேளைக்குச் சாப்பாடு. உன்னை மாதிரி நிறையப் பேர் இருக்காங்க."

"என்னை மாதிரின்னா... விரிப்பு மடிக்கிறவங்களா?"

அண்ணனுக்கு அதற்குள் போன் வந்துவிட்டது. காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான். அண்ணி மட்டும் நின்றாள். முழுவதும் கேட்டாள். அவளை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. உடனே, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க அண்ணி. அதுக்குத்தான் சொன்னேன்."

அன்று பிற்பகல் அம்மாவுக்கு மாற்றுத் துணியும் சாப்பாடும் எடுத்துவர அண்ணியும் அவனும் வீட்டுக்குப் போனார்கள். மழை விட்டிருந்தது. அண்ணி நேரே அடுப்படிக்குப் போய், "நீ உக்காரு தம்பி, சுடுதண்ணி கிட்டல்லாம் வராதே. நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவன் கதவருகில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அண்ணி டப்பாக்களைத் திறந்து திறந்து மூடினாள். ஒன்றில் ரப்பர் வளையம் போட்டிருந்தது. இன்னொன்றில் நூல் சுற்றியிருந்தது. அடுப்பின் திருகில், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று விரலில் தட்டுப்படுகிற மாதிரி மெழுகுப் பொட்டு. அடுப்படியிலிருந்து குளியலறை வரை சுவரோடு ஒரு கயிறு.

"அத்தை உனக்காக என்னல்லாம் செஞ்சு வெச்சிருக்காங்க பாரு," என்றாள் அண்ணி.

அவன் அந்தக் கயிற்றைப் பார்த்தான். வருஷக் கணக்காக மூடி வைத்திருந்த சங்கதி அது. ஆனால் வார்டில் அம்மாவின் தட்டை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, "சாப்பிடாம அடம் பிடிக்கிறாங்க" என்று காலையில் பணிப்பெண் முணுமுணுத்ததை அவன் கேட்டிருந்தான். இனி மறைத்தால் பட்டினி கிடப்பது அவள்தான்.

"அது எனக்கு இல்ல அண்ணி. அம்மாவுக்கு. நான் செஞ்சது."

"அத்தைக்கு எதுக்கு?"

"கண்ணு தெரியாது."

அண்ணி கையிலிருந்த டப்பாவை மெல்லக் கீழே வைத்தாள். "என்ன சொல்றே? போன வருஷம் வந்தப்போ என்னைப் பார்த்து, இளைச்சுட்டியேம்மான்னு..."

"எல்லாரையும்தான் சொல்லுவாங்க."

அண்ணி முகத்தில் வந்து போன ஏமாற்றத்தைப் பார்த்து அவனுக்கு இரக்கமாக இருந்தது. "உங்களைச் சொன்னது நிஜமாவும் இருக்கலாம்," என்றான்.

"அப்போ சமையல்? துணி? அத்தையைக் குளிக்க வைக்கிறது?"

"குளியல் அவங்களே. தண்ணி எடுத்து வெச்சு, வெளியே நிப்பேன். மத்ததெல்லாம் நான்."

"நீயா?"

அவன் எழுந்தான். சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையை எடுத்து மேடையில் வைத்தான். நடுவில் ஒரு ஆணி தலைகீழாக நின்றது. உருளைக்கிழங்கை ஆணியில் குத்தி நிறுத்தி, வலது கையால் தோலைச் சீவினான். தோல் அறுபடாமல் சுருள் சுருளாக இறங்கியது. வெட்டினான். அடுப்பைப் பற்ற வைத்தான். பானையை மேடையில் அடுப்பு வரை நகர்த்தியே கொண்டுபோனான், கடைசியில் மட்டும் தூக்கி வைத்தான். அண்ணி சுவரோடு ஒண்டி நின்று வழிவிட்டாள். முதலில் இரண்டு தரம் கை நீட்டினாள், பிறகு நீட்டவில்லை. நேரமாயிற்று. ஆனால் ஒன்றும் சிந்தவில்லை, ஒன்றும் தீயவில்லை.

"உங்கண்ணன்கிட்ட இதை நான் சொல்லாம இருக்க முடியாது தம்பி," என்றாள் கடைசியில்.

"சொல்லுங்க. ஆனா முழுசாச் சொல்லுங்க. கண்ணு தெரியாதுங்கறதோட நிறுத்திடாதீங்க."

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் பெரியக்கா வந்தாள். ஒரு பொட்டலம் பன்னும், வார்டு முழுக்கக் கேட்கிற குரலுமாக வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"எப்ப வர்றே நிதானம்? உன் இடத்துல ஒருத்தனைப் போட்டிருக்காங்க. விரிப்பைப் பிடிடான்னா பட்டம் விடறான். முனை சேரவே மாட்டேங்குது. நேத்து முழு மூட்டையும் திரும்பி வந்துடுச்சு."

அண்ணன் மரியாதையாகச் சொன்னான். "இத்தனை நாள் பரிதாபப்பட்டு இவனை வேலைக்கு வெச்சிருக்கீங்க. ரொம்ப நன்றிங்க."

"பரிதாபமா? எங்க முதலாளியா?" பெரியக்கா பன்னைப் பிய்த்து அம்மாவின் கையில் வைத்தாள். "அவருக்குப் பெத்த தாய் மேலயே பரிதாபம் கிடையாது. விரிப்பு கோணலாப் போனா யாரா இருந்தாலும் அன்னிக்கே வெளியே. இவன் இருக்கான்னா மடிக்கிறான், அதான் இருக்கான்."

அவள் போனதும் அண்ணன் தம்பியின் பக்கம் திரும்பினான். வீட்டில் பார்த்ததை அண்ணி கணவனிடம் சொல்லியிருந்தாள். முழுவதும்தான் சொன்னாள். அவன் காதில் முதல் பாதிதான் ஏறியிருந்தது.

"என்னை ரெண்டு பேருமாச் சேர்ந்து முட்டாளாக்கிட்டீங்க," என்று ஆரம்பித்தான். "கண்ணு தெரியாத ஒருத்தரு, நடக்க முடியாத ஒருத்தன், ஒரே வீட்டுல. அடுப்பு வெடிச்சிருந்தா? இவன் வேலைக்குப் போன நேரத்துல இது நடந்து, யாருக்கும் தெரியாமக் கிடந்திருந்தா? நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"அண்ணே, நான்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நீ நல்லவன்தான். உன்னால முடிஞ்சதைச் செஞ்சே. இல்லேங்கலை."

"நான் சொல்ல வந்தது..."

"பயமா இருக்கு, புது இடம்னு. அதானே? பழகிடும்டா."

அவன் நல்ல கையால் கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினான். பக்கத்துக் கட்டில் கிழவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அது இல்ல நான் சொல்ல வந்தது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ பேசக் கூடாது. இந்த ஒரு தடவை."

அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூடிக்கொண்டான்.

பிறகு அவன் பேசினான். நிறைய நேரம் பிடித்தது. வியர்த்துக் கொட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. வார்டில் சாப்பாட்டு வண்டி நின்றுவிட்டது.

"பொய் சொன்னது தப்பு. அது எங்க ரெண்டு பேர் தப்பு. உனக்குத் தெரிஞ்சா என்னை அனுப்பிடுவேன்னு பயந்தோம். தெரிஞ்சது, நீ அனுப்பறே. எங்க பயம் பொய் இல்ல. அம்மா விழுந்தது பாசியில. கண்ணு தெரியறவங்களும் அதுல விழுவாங்க. நான் பக்கத்துல இருந்தேன். குடிகாரன்னு சொன்னாங்க, நோயாளின்னு சொன்னாங்க. ஆனாலும் கொண்டுவந்து சேர்த்தேன். எனக்கு ஒரு வேலை இருக்கு. ஒரு வீடு இருக்கு. அம்மா உன்கூட வர்றேன்னு சொன்னா வரட்டும். அது அவங்க இஷ்டம். அப்பவும் நான் என் வீட்டுலதான் இருப்பேன். அம்மாவைப் பார்த்துக்கறேன்ங்கறதுக்காக மட்டும் எனக்கு ஒரு வீடு வேணும்னு நினைக்காதே. எனக்கு என் வீடு பிடிக்கும்."

அண்ணன் கண் கலங்கியிருந்தது. "உன்னை முதுகுல சுமந்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போனவன்டா நான். உனக்குக் கெடுதல் நினைப்பேனா?"

"தெரியும். நீ வேகமா ஓடுவே. எனக்குப் பயமா இருக்கும். இறக்கி விடுன்னு சொல்லுவேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஸ்கூல் வந்துடும்."

அம்மா அதுவரை முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். இப்போது தலையணையில் தலையைத் திருப்பினாள்.

"எனக்கு ஒடைஞ்சது இடுப்புதான். வாய் இல்ல. வந்ததுலேர்ந்து என்னை யாரு என்ன கேட்டீங்க? 'அவங்க சாப்பிட்டாங்களா, அவங்களுக்கு வலிக்குதா'ன்னு என் தலைக்கு மேலேயே பேசிக்கறீங்க. நான் என்ன மூட்டையா? ரெண்டு நாளுக்கே எனக்கு வயிறு எரியுது. இவன் பொறந்ததுலேர்ந்து இதைக் கேட்டுக்கிட்டு எப்படி இவ்வளவு சாதுவா இருக்கான்னு யோசிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் என் வீட்டுக்குத்தான் போவேன். என் ரெண்டு கண்ணும் அங்கதான் இருக்கு."

அண்ணி மெதுவாகச் சொன்னாள். "பின்கட்டுல கைப்பிடிக் கம்பி போட்டுடலாங்க. தம்பி வேலைக்குப் போற நேரத்துக்கு யாராவது ஒரு அம்மா வந்து இருந்தாப் போதும். நான் பார்த்தேன். அந்த வீடு நடக்குது."

அண்ணன் உடனே இறங்கி வரவில்லை. "முதல்ல அம்மா எழுந்து நடக்கட்டும். நடக்காமப் படுத்துட்டாங்கன்னா நான் கூட்டிட்டுத்தான் போவேன். அப்ப யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

அது நியாயமான பேச்சாகவே இருந்தது. ஆனால் அம்மா நடக்கவில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வாக்கரைக் கொண்டுவந்து வைப்பாள். அம்மாவை உட்கார வைப்பார்கள், நிற்க வைப்பார்கள். நின்றதும் அம்மாவுக்கு உடம்பு கிடுகிடுவென்று நடுங்கும். "வேணாம்மா, படுக்க வெச்சுடு. விழுந்துடுவேன்." "விழ மாட்டீங்கம்மா, நாங்க பிடிச்சிருக்கோம்ல." "கமான், கமான், ஒரே ஒரு அடி." "அத்தை, தைரியமா வைங்க." அண்ணன் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். எல்லாக் குரலும் சேர்ந்து தலையில் கொட்டும். அம்மா பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், இதே கதை. இப்படியே கிடந்தால் கால் மரத்துவிடும், பிறகு எழுப்பவே முடியாது என்று டாக்டர் எச்சரித்துவிட்டுப் போனார். அண்ணன் வண்டி ஏற்பாடு செய்ய யாருடனோ போனில் பேசத் தொடங்கினான்.

மறுநாள் காலை, அந்தப் பெண் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவன் சொன்னான். "இன்னிக்கு நான் சொல்லித் தரட்டுமா?"

அந்தப் பெண் அவன் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, "நான் அம்மாவோட இடுப்புப் பெல்ட்டைப் பிடிச்சுக்கறேன். நீங்க சொல்லுங்க" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் அவனை நீங்க என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அம்மா நின்றாள். நடுக்கம் தொடங்கியது. "விழுந்துடுவேன்டா."

"விழலாம்."

அண்ணன் பதறினான். "என்னடா பேசறே நீ?"

"எல்லாரும் விழ மாட்டீங்கன்னு சொல்றாங்க. அது பொய்னு அம்மாவுக்குத் தெரியும். அதான் நடுங்கறாங்க." அவன் அம்மாவின் காதருகில் குனிந்தான். "அம்மா, நான் எத்தனை தரம் விழுந்திருக்கேன்? படியில, பஸ்ஸுல, சலவைக்கூடத்துச் சோப்புத் தண்ணியில. என்ன ஆயிடுச்சு? எப்ப விழுவேன் தெரியுமா? யாராவது சீக்கிரம் சீக்கிரம்னு சொன்னா விழுவேன். சொல்லாட்டி விழ மாட்டேன். இங்க யாரும் சொல்ல மாட்டாங்க."

"கண்ணு தெரியாமப் போச்சேடா. எதுல காலை வைக்கிறேன்னு தெரியல. அதுதான்டா பயம்."

"நான் சொல்றேன். நான் ஒரு வார்த்தை சொன்னா நீ ஒரு அடி வை. நான் சொல்லாட்டி நில்லு. என்னால வேகமாச் சொல்ல முடியாது. உனக்குத் தெரியாதா?"

அம்மாவுக்கு அந்த நடுக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தோள் இறங்கியது. வாக்கரை இறுகப் பிடித்தாள்.

"தரை," என்றான் அவன். அந்த வார்த்தை தொண்டையிலிருந்து கிளம்பி, நாக்கில் தடுக்கி, உதட்டுக்கு வந்து சேர்ந்தது. அது வந்து சேரும் நேரமும், வாக்கரை நகர்த்தி உடைந்த பக்கத்துக் காலை முன்னால் கொண்டுவரும் நேரமும் ஒன்றாக இருந்தது.

"காய்ஞ்சு."

இன்னொரு அடி.

"இருக்கு."

இன்னொன்று. அந்தப் பெண் பெல்ட்டைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள், பேசாமல்.

"இடது... பக்கம்... கட்டில். அதுல... ஒரு... தாத்தா... உன்னையே... பார்க்கிறாரு."

"பார்க்கட்டும்," என்றாள் அம்மா. "இளைச்சுட்டாரான்னு கேளு."

கட்டிலில் இருந்த தாத்தா கெக்கெக்கென்று சிரித்தார். வார்டின் கதவு வந்தது. கதவைத் தாண்டினார்கள். நடைவழி நீளமாக, வெளிச்சமாகக் கிடந்தது. அவனும் காலை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் போனான். அவன் வார்த்தை, அவள் அடி. அவள் அடி, அவன் வார்த்தை. மடங்கிய கை வாக்கரின் கம்பியில் கொக்கி போட்டிருந்தது. அவளைத் தாங்குவதற்கா, தன்னைத் தாங்கிக்கொள்வதற்கா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும்தான்.

எதிரே தள்ளுவண்டிகளும் நர்ஸுகளும் விரைந்து வந்து, இவர்களைக் கண்டு சுவரோரம் ஒதுங்கிப் போனார்கள். அண்ணி ஒரு கையில் துண்டோடு தொடர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் அதுவே உதவியது.

அண்ணன் முதலில் வாசலிலேயே நின்றான். பிறகு பின்னால் வந்தான். இரண்டு எட்டில் அவர்களைத் தொட்டுவிடுகிற கால் அவனுக்கு. போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். வண்டிக்காரன்.

"இல்லைங்க. வண்டி இப்ப வேணாம்," என்றான் தணிந்த குரலில். "இல்லைங்க, தள்ளிப் போடலை. வேணாம்னுதான் சொல்றேன். அவங்க வீட்டுக்குப் போறாங்க."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். முன்னால் தம்பி ஜன்னலைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறது, மரத்தில் நேற்றைய மழை இன்னும் சொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு எத்தனையோ அடிகள் ஆயின. நடைவழியில் முந்திப் போக வேண்டிய அளவு இடம் இருந்தது. அண்ணன் முந்தவில்லை. அடுத்த வார்த்தை வரும்வரை காலைத் தூக்காமல் நின்று, அது வந்த பிறகு வைத்தான்.